தாமதம் யார் கணக்கில்

அன்பு மகளுக்கு,

அப்பா எழுதுவது. இங்கே அனைவரும் நலம். அனைவரும் என்றால் நானும் உன் அம்மாவும்தான். இருந்தாலும் கடிதத்தில் அப்படி எழுதினால்தான் ஒரு நிறைவு.

நம் குடும்ப வரலாற்றில் நெடுநாள் பேசப்படப்போகும் ஒரு முடிவு, கடந்த ஞாயிற்றுக்கிழமை காலை காபிக்குப் பிறகு எடுக்கப்பட்டிருக்கிறது. ஷெட்டில் இருந்த துணிக்கொடி மொட்டைமாடிக்கு மாற்றப்படுகிறது. இரு தரப்பும் தங்கள் வாதங்களை முழுமையாக முன்வைத்தன. கொடி ஷெட்டில் இருந்தால் மழைக்கு நனையாது, முழங்கால் வலியோடு படி ஏற வேண்டியதில்லை என்பது ஒரு தரப்பு. புத்தம்புதுக் காரின் கூரைமேல் ஈரப் போர்வை சொட்டிக்கொண்டிருப்பது நன்றாக இருக்காது என்பது மறு தரப்பு. மறு தரப்பு நான். முடிவு ஒருமனதானது என்று பதிவு செய்துகொண்டேன். உன் அம்மா அப்போது சமையலறையில் இருந்தாள்.

ஆமாம், கார். புக் செய்துவிட்டோம். சின்ன வண்டிதான், புது மாடல், ரோட்டில் இன்னும் ஒன்றுகூட ஓடவில்லை. வந்ததும் முதல் பயணம் உன்னிடம். போன தடவை அம்மா பஸ்ஸில் உன்னைப் பார்க்க வந்த கதை உனக்கு மறந்திருக்காது. வந்து இறங்கியவள் இரண்டு நாளும் சுவரைப் பார்த்துப் படுத்திருந்துவிட்டுத் திரும்பினாள். "ரெண்டாவது திருப்பத்துலயே என் வயிறு என் பேச்சைக் கேக்க மாட்டேங்குது. நம்ம வண்டின்னா நான் நிறுத்துன்னா நீங்க நிறுத்துவீங்கல்ல" என்கிறாள். உனக்கும் லீவு கிடைத்தபாடில்லை. ரயிலில் வரலாம் என்றால் உன் ஊருக்கு ரயில் கிடையாது. காலமெல்லாம் ரயிலுக்கு உழைத்தவனின் மகள், ரயில் போகாத ஊராகப் பார்த்து வேலை தேடிக்கொண்டாள். இதில் உள்நோக்கம் எதுவும் இல்லை என்றே நம்புகிறேன்.

இதையெல்லாம் ஃபோனில் சொன்னால் என்ன என்று கேட்பாய். ஃபோன் உன் அம்மாவின் துறை. அவள் பேசி முடித்து என் கையில் கொடுக்கும்போது எனக்கு மிஞ்சியிருப்பது 'சாப்பிட்டியாம்மா' ஒன்றுதான். அதற்கும் நீ அவளிடம் ஏற்கெனவே பதில் சொல்லியிருப்பாய்.

விஷயத்துக்கு வருகிறேன். சொன்ன தேதியில் வண்டி வரவில்லை. ஷோரூமில் டை கட்டிய தம்பி ஒருவர் இருக்கிறார். "சப்ளையர் பக்கம் ஒரு ப்ரொடக்‌ஷன் பிரச்சினை சார். ஒரே ஒரு பார்ட் வரல" என்றார். எந்த பார்ட் என்று கேட்டேன். சிரித்தார். அது பதில் தெரியாத சிரிப்பு. அந்த ரகத்தை நான் நன்றாக அறிவேன். என் வேலைக்காலம் முழுவதும் ரயில் கன்ட்ரோல் அறையில் நான் செய்தது ஒரே வேலை. ரயில் தாமதமானால் அந்த நிமிடங்களை ஏதாவது ஒரு பிரிவின் கணக்கில் எழுத வேண்டும். இன்ஜின்காரர்களா, சிக்னல்காரர்களா, தண்டவாளக்காரர்களா? மூன்று பேரும் "எங்க தலையில எழுதிடாதீங்க சார்" என்பார்கள். ஒரு தலை கிடைக்கும் வரை நான் நாற்காலியை விட்டு எழுந்ததில்லை. தலை இல்லாத நிமிடம் ஒன்றுகூட என் அறையைத் தாண்டிப் போனதில்லை என்று பிரிவுபசார விழாவில் என் மேலதிகாரி பேசினார். அப்போது அது பாராட்டு போலத்தான் இருந்தது.

ஆகவே எனக்கு ஆர்வம் தாங்கவில்லை. நீ தொழிற்சாலையில் இருப்பவள், உனக்குத் தெரிந்திருக்கும். ஒரு பார்ட் வரவில்லை என்றால் மற்ற பார்ட்டுகள் எல்லாம் என்ன செய்யும்? கைகட்டி உட்கார்ந்திருக்குமா? அந்த ஒன்றை மட்டும் பிற்பாடு தபாலில் அனுப்பினால் நானே மாட்டிக்கொள்ள முடியாதா? "ட்யூப்லைட் மாட்டவே ஆள் கூப்பிடறீங்க" என்று உன் அம்மா குறுக்கே பேசுகிறாள். அது வேறு விஷயம்.

நீ என்ன தயாரிக்கிறாய் என்று இதுவரை நான் கேட்டதே இல்லை. விசாரிப்பவர்களிடம் "பொண்ணு ரப்பர்ல இருக்கா" என்று சொல்லிவைத்திருக்கிறேன். அவர்களும் மேலே கேட்பதில்லை.

உடம்பைப் பார்த்துக்கொள். வேளைக்குச் சாப்பிடு. சாப்பிட்டாயா என்பதை இங்கேயே கேட்டுவிடுகிறேன், ஃபோனில் வேறு ஏதாவது பேசலாம்.

அன்புடன்,
அப்பா

*

அன்பு மகளுக்கு,

உன் பதில் கிடைத்தது. இரண்டு தடவை படித்தேன். அம்மாவுக்கும் படித்துக் காட்டினேன்.

கார் கம்பெனிக்காரர்கள் எந்த பார்ட்டையும் சேர்த்து வைத்துக்கொள்வதில்லை, அன்றன்றைக்கு வேண்டியது அன்றன்றைக்கு லாரியில் வந்து இறங்கும் என்று எழுதியிருந்தாயே, எனக்குத் தலை சுற்றிவிட்டது. உன் அம்மா இரண்டு மாதத்துக்கு உப்பு வாங்கி வைக்கிறவள். "பெரிய கம்பெனிங்கறாங்க, வீட்டுல ஒரு சாமான் வெச்சுக்க மாட்டாங்களா?" என்று வெகுநேரம் மனம் வருந்தினாள். ஒரு பார்ட் வராமல் போனால், மற்ற எல்லாம் பூட்டிய வண்டிகள் மைதானத்தில் வரிசை வரிசையாக நிற்கும், விளக்கு எரியும், ஹாரன் அடிக்கும், வாசலைத் தாண்டாது என்று எழுதியிருந்தாய். நம்முடையதும் அந்த வரிசையில் எங்கோ நிற்கிறது என்று நினைத்தால் ஒரு மாதிரியாக இருக்கிறது. அதற்கு ஒரு பெயர் வைக்கலாமா என்று கூடத் தோன்றியது. வைக்கவில்லை.

என்ன மாடல் என்று கேட்டிருந்தாய். அம்மா ஃபோனில் சொன்னாளாம். சொன்னதும் நீ சிறிது நேரம் ஒன்றும் பேசவில்லையாம். லைன் போய்விட்டதோ என்று அவள் பல தடவை ஹலோ சொன்னாளாம். உங்கள் பக்கம் சிக்னல் சரியில்லை போலிருக்கிறது, பார்.

டைக்காரத் தம்பியின் காரணங்களை நான் தொடர்ந்து கவனித்து வருகிறேன். முதல் வாரம் பெயின்ட் என்றார். அடுத்த வாரம் சீட். அதற்கடுத்து "எல்லாம் மேலிடத்து விஷயம் சார்" என்று குரலைத் தாழ்த்தினார். தொழில் தெரிந்தவன் என்ற முறையில் சொல்கிறேன், கடைசியாகச் சொன்னதில் மட்டும்தான் கொஞ்சம் கைத்திறன் தெரிந்தது. மற்ற இரண்டும் கன்ட்ரோல் அறையில் ஒரு நிமிடம் நின்றிருக்காது.

ஷோரூமில் காத்திருப்பவர்களுக்கென்று ஒரு நீல சோபா போட்டிருக்கிறார்கள். காபி மெஷினும் உண்டு. இப்போது தினமும் காலையில் அங்கே போய்விடுகிறேன். அங்கே எனக்கு நண்பர்கள் சேர்ந்துவிட்டார்கள். ஒருவர் பல் டாக்டர். பேசும்போது நம் கண்ணைப் பார்க்க மாட்டார், வாயைத்தான் பார்ப்பார். இன்னொருவர் கணக்கு டீச்சர், ரிட்டயர் ஆனவர், வண்டியை புக் செய்த பிறகுதான் ஓட்டப் பழகினார். "லைசென்சுக்கு முன்னாடி வண்டி வந்துடக் கூடாதுன்னு நெனச்சேன், இப்ப லைசென்சே வந்துடுச்சு" என்கிறார். வேறு சிலரும் வந்து போவார்கள். எல்லாரும் அதே மாடலுக்குக் காத்திருப்பவர்கள். காபியைக் குடித்துவிட்டு அந்த முகம் தெரியாத சப்ளையரைத் திட்டுவோம். நேரம் போவதே தெரியவில்லை.

திட்டிக்கொண்டே இருந்தால் எப்படி, ஒரு புகார் எழுதுங்கள் சார் என்று டாக்டர்தான் ஆரம்பித்தார். எழுத வேறு யார் இருக்கிறார்கள்? இரண்டு பக்கம் எழுதினேன். காரணம் வேண்டாம், காரணங்களை நாங்கள் ஏற்கெனவே ரகரகமாகக் கேட்டுவிட்டோம், பொறுப்பாளி யார் என்பதே கேள்வி என்று வாதத்தைக் கட்டினேன். முடிவாக இப்படி ஒரு வாக்கியம்: "தாமதம் அனாதையாகப் பிறப்பதில்லை, அதற்கு ஒரு தகப்பன் இருந்தே தீர வேண்டும். இந்தத் தாமதத்தை இன்னாருடைய கணக்கில் எழுதி, அவர்மீது எடுத்த நடவடிக்கையை எங்களுக்குத் தெரிவிக்கவும்." டீச்சர் இதைப் படித்துவிட்டு மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். எல்லாரும் கையெழுத்துப் போட்டார்கள். கார் கம்பெனியின் தலைமை அலுவலகத்துக்கே அனுப்பிவிட்டோம்.

வாக்கியம் எப்படி? உன் கருத்தை எழுது. 'தகப்பன்' கொஞ்சம் அதிகமோ என்று ஒரு சந்தேகம் இருந்தது. வைத்துவிட்டேன்.

அம்மா தினமும் மாடி ஏறித் துணி காயப்போடுகிறாள். படிக்கு ஒரு தடவை நின்று என் பெயரைச் சொல்லாமல் என்னைப் பற்றிப் பேசுகிறாள். வண்டி வந்தால் சரியாகிவிடும்.

அன்புடன்,
அப்பா

*

அன்பு மகளுக்கு,

கார் கம்பெனியின் பதில் ஷோரூமுக்கு வந்தது. டைக்காரத் தம்பி சோபாவின் முன்னால் நின்று எல்லாருக்கும் கேட்கும்படி படித்தார். தாமதத்துக்குக் காரணம் பிரேக்குக்கு எண்ணெய் போகும் ரப்பர் குழாய். அதை அனுப்பும் கம்பெனியில், சோதனைப் பிரிவில் உள்ள ஒருவர் பெட்டி பெட்டியாக நிராகரித்து வருகிறார். வாடிக்கையாளர்களின் கோரிக்கைப்படி அந்த நபர் அடையாளம் காணப்பட்டு விளக்கம் கேட்கப்பட்டிருக்கிறது. டாக்டர் கைதட்டினார். "பாத்தீங்களா சார், உங்க வாக்கியம் வேலை செஞ்சிருக்கு" என்றார். அதன் பிறகுதான் தம்பி அந்த ரப்பர் கம்பெனியின் பெயரைப் படித்தார்.

நான் காபியை முடிக்கவில்லை.

வீட்டுக்கு வந்து அம்மாவிடம் கேட்டேன், நம் பெண் அங்கே என்னதான் செய்கிறாள் என்று. "குழாய் டெஸ்ட் பண்றா. அது தெரியாதா உங்களுக்கு? நான் தண்ணிக் குழாய்னு நெனச்சிட்டிருந்தேன்" என்றாள். நான் கால்மிதியடி என்று நினைத்துக்கொண்டிருந்தேன். இருவருமாகச் சேர்ந்து இத்தனை காலம் உன்னைப் பற்றிப் பெருமையாகப் பேசி வந்திருக்கிறோம்.

அன்று மாலையே உன் கடிதமும் வந்தது. நீ அதிகம் எழுதவில்லை. தேறிய குழாய்களுக்குக் குத்தும் உன் முத்திரையை வாங்கி வைத்துக்கொண்டார்கள், பேக்கிங் பிரிவில் உட்காரவைத்திருக்கிறார்கள், விளக்கம் திருப்தியாக இல்லை என்றால் வேலை போகும், தேங்கிக் கிடக்கும் பெட்டிகளுக்கு முத்திரை குத்திவிட்டால் விளக்கமே வேண்டாம் என்று மேனேஜர் சொல்லியிருக்கிறார். அப்புறம் அந்தக் கடைசி வரி: "அப்பா, உங்கள் வாக்கியத்தை மேனேஜர் எனக்கு இரண்டு முறை சத்தமாகப் படித்துக் காட்டினார். நன்றாக இருந்தது."

அதை அம்மாவுக்குப் படிக்காமல் மடித்து வைத்தேன். அவள் வாங்கிப் படித்தாள். "தகப்பன் யாருன்னு கேட்டீங்கல்ல" என்று மட்டும் சொல்லிவிட்டு, துணி எடுக்க மாடிக்குப் போனாள். அன்றைக்கு எந்தப் படியிலும் நின்று எதுவும் பேசவில்லை.

கம்பெனி விஷயத்தை வெளியே சொல்லக் கூடாது என்ற விதி இருப்பதால்தான் நீ முன்பே சொல்லவில்லை என்று எழுதியிருக்கிறாய். அப்படித்தான் இருக்க வேண்டும். சிக்னலைக் குறை சொன்னதற்கு வருந்துகிறேன்.

எனக்கு அந்தக் குழாயைப் பார்க்க வேண்டும் போலிருந்தது. முக்கில் இருக்கும் மெக்கானிக்கிடம் போனேன். "எந்த வண்டிக்கு சார்?" என்றார். வண்டி இன்னும் வரவில்லை என்றேன். ஒரு மாதிரிப் பார்த்தார், ஆனாலும் பழைய வண்டியில் கழற்றியது ஒன்றைத் தேடி எடுத்துக் கொடுத்தார். ஒரு முழம் இருக்கும், கட்டைவிரல் கனம்கூட இல்லை. இதை வைத்தா ஒரு வண்டி நிற்கிறது என்று கேட்டேன். "இதை வெச்சு மட்டும்தான் சார் நிக்குது. ஓடறதுக்குத்தான் மத்ததெல்லாம்" என்றார். நீளவாக்கில் அறுத்துக் காட்டச் சொன்னேன். உள்ளே ஒரு ரப்பர், அதன்மேல் துணி நெய்தது போல நூல் பின்னல், அதற்குமேல் இன்னொரு ரப்பர். நான் இதுவரை ரப்பர் என்றால் ரப்பர் என்று நினைத்துக்கொண்டிருந்தவன்.

அறுக்காத பாதியை வீட்டுக்குக் கொண்டுவந்தேன். சாப்பாட்டு மேசையில் வைத்து இருவரும் பார்த்தோம். அம்மா அதைக் கையில் எடுத்து, ஒரு கண்ணை மூடிக்கொண்டு, ஜன்னல் வெளிச்சத்தை நோக்கிப் பிடித்து உள்ளே பார்த்தாள். "இதுக்குள்ளதான் பாத்துக்கிட்டிருக்காளா, நாள் முழுக்க?" என்றாள். பிறகு என்னிடம் கொடுத்தாள். நானும் பார்த்தேன். ஜன்னல் தெரிந்தது.

சில கேள்விகள். புதுக் கலவையில் செய்த குழாய்களில் நூற்றுக்கு இரண்டு மூன்று உள்பக்கமாக உப்பிவிடுகின்றன, வெளியே ஒன்றும் தெரியாது என்று எழுதியிருக்கிறாய். எப்படித் தெரிந்துகொள்கிறாய்? அடுப்பில் வைத்துச் சூடாக்குவாயா? எந்த இரண்டு, எந்த மூன்று என்று அறுக்காமல் சொல்ல முடியாது என்றால், அறுத்த பிறகு அதை விற்க முடியாதே, அப்போது எப்படி? உனக்கு நேரம் இருக்கும்போது எழுது. புகாருக்காகக் கேட்கவில்லை. தெரிந்துகொள்ளத்தான்.

இன்னொன்று. எங்களுக்கு வண்டி அவசரமே இல்லை. ஷெட் காலியாக இருப்பது பார்வைக்கு நன்றாகத்தான் இருக்கிறது. எங்களை நினைத்துக்கொண்டு எந்தப் பெட்டிக்கும் நீ முத்திரை குத்திவிடாதே. "நான் பஸ்ஸிலேயே வருவேன்" என்று எழுதச் சொன்னாள் உன் அம்மா. எழுதிவிட்டேன். இதை எழுதும்போது பக்கத்தில் நின்று சரியாக எழுதுகிறேனா என்று பார்த்துக்கொண்டிருக்கிறாள்.

அப்பா

*

அன்பு மகளுக்கு,

உன் விளக்கத்தை நீ எழுதிக்கொண்டிருப்பாய். அது போய்ச் சேரும் முன் இங்கே நடந்ததைச் சொல்லிவிடுகிறேன்.

எங்கள் கன்ட்ரோல் அறையில் தாமதம் எழுதும் தாளின் கடைசியில் ஒரு கட்டம் உண்டு: 'பாதுகாப்புக்காக நிறுத்தியது.' அதில் எழுதினால் தலை தேவையில்லை, யார் கணக்கும் தேவையில்லை. ஒரு தடவை ஒரு ரயில் கார்டு, காட்டு நடுவில் எக்ஸ்பிரஸை நிறுத்திவிட்டார். ஏன் என்று கேட்டால் "சத்தம் சரியில்ல" என்றார், அவ்வளவுதான். இறங்கிப் பார்த்தார்கள், ஒன்றும் அகப்படவில்லை. அந்த நிமிடங்களை அந்தக் கட்டத்தில் எழுதினேன். அவரை யாரும் ஒரு வார்த்தை கேட்கவில்லை, கேட்கவும் கூடாது, அது விதி. அந்தக் கட்டத்தை நான் நிரப்பியது அதிகமில்லை. இருந்தது ஞாபகமே இல்லாமல் போய்விட்டது. உன் கடிதத்தைப் பார்த்த பிறகுதான் அந்தத் தாளின் கடைசி வரை என் புத்தி போயிற்று.

மறுநாள் சோபாவுக்குப் போனேன். அடையாளம் காணப்பட்ட நபர் என் மகள் என்று சொன்னேன்.

"அப்போ உங்க பொண்ணாலதான் என் வண்டி லேட்டா?" என்றார் டாக்டர், முதல் தடவையாக என் கண்ணைப் பார்த்து. ஆமாம் என்றேன். குழாயை எடுத்து நீட்டினேன். கை மாறி மாறிப் போயிற்று. நீ எழுதியதை எனக்குப் புரிந்த மட்டும் சொன்னேன். டீச்சர் நூற்றுக்கு மூன்று என்றதும் பிடித்துக்கொண்டார். ஒரு வண்டிக்கு எத்தனை குழாய் என்று கேட்டார். நான்கு என்றேன். கண்ணை மூடிக்கொண்டு உதட்டை அசைத்தார். "அப்படின்னா பத்து வண்டியில ஒண்ணு" என்றார். பிறகு சோபாவில் இருந்தவர்களை எண்ணினார். நாங்கள் பத்துப் பேர் இருந்தோம். ஒருத்தர் முகத்தை ஒருத்தர் பார்த்துக்கொண்டோம்.

"அந்தக் கோளாறைக் கண்டுபிடிக்க இப்போதைக்கு யாருக்குத் தெரியும்?" என்றார் டீச்சர். அவளுக்குத்தான் என்றேன். "அவளைத் தூக்கிட்டா?" யாருக்கும் தெரியாது என்றேன். "அப்போ அவளை அங்கேயே வெச்சிருக்கச் சொல்லி எழுதுங்க. இதுக்கு என்ன யோசனை?"

டாக்டர் குழாயின் வாயைப் பார்த்துக்கொண்டிருந்தார். கடைசியில், "உள்ள சொத்தை இருக்கும்போது மேல அடைச்சுக் குடுங்கன்னு தினமும் ஒருத்தன் வந்து கெஞ்சறான். இன்னும் ரெண்டு வாரம் ஆகும்னு வெரட்டி விடறேன். எவனும் என் தலையில எழுதறதில்ல" என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டு பேனாவைக் கேட்டார். ஒருவர் மட்டும் புக்கிங்கை ரத்து செய்துகொண்டு போனார். அவரையும் தப்புச் சொல்ல முடியாது, பத்தில் ஒருவர்.

இந்தத் தடவை சிறிய கடிதம்தான். வாக்கிய அலங்காரம் எதுவும் இல்லை. முந்தைய புகாரைத் திரும்பப் பெறுகிறோம். குழாய்களை நிராகரித்தவரே தொடர்ந்து சோதித்து, அவர் கையால் முத்திரை குத்திய குழாய் போட்ட வண்டியைத்தான் வாங்குவோம். அதுவரை ஆகும் தாமதத்தை எங்கள் கணக்கில் எழுதிக்கொள்ளவும். ஒரு பிரதி கார் கம்பெனிக்கு, ஒரு பிரதி உன் மேனேஜருக்கு. என் கையெழுத்தைக் கடைசியில் போட்டேன். முதலில் போட்டால் நியாயமாக இருக்காது என்று டீச்சர் அபிப்பிராயப்பட்டார்.

இது உனக்கு உதவுமா, இன்னும் கெடுக்குமா என்று எனக்குத் தெரியவில்லை. போன தடவை நான் எழுதியதும் நல்லெண்ணத்தோடுதான்.

உன் அம்மா பயிற்சியில் இறங்கியிருக்கிறாள். தினமும் சாயங்காலம் டவுன் பஸ்ஸில் ஏறுகிறாள். முதல் நாள் இரண்டு ஸ்டாப், இறங்கி நடந்து திரும்பினாள். இப்போது பெரிய ஆஸ்பத்திரி வரை வந்துவிட்டாள். டிரைவருக்குப் பின்னால் உட்கார்ந்து, ரோட்டையே பார்த்துக்கொண்டு, யாருடனும் பேசாமல் இருந்தால் முடிகிறது என்கிறாள். நானும் கூடப் போகிறேன். பேச வேண்டாம் என்று உத்தரவு. கண்டக்டர் எங்களிடம், "எங்க போறீங்கன்னு இன்னும் முடிவு பண்ணலையா?" என்று கேட்கிறார்.

நீ தைரியமாக இரு. விளக்கத்தில் அதிகம் எழுதாதே. "சத்தம் சரியில்ல" என்ற அளவு போதும்.

அப்பா

*

அன்பு மகளுக்கு,

நீ ஃபோனில் சொன்னதை அம்மா எனக்குச் சொன்னாள். முத்திரையைத் திருப்பிக் கொடுத்துவிட்டார்கள், பழைய மேசைக்கே வந்துவிட்டாய், விளக்கத்தைப் பற்றி யாரும் பேசுவதில்லை. காரணம் உனக்குத் தெரியுமோ என்னவோ, இங்கே ஷோரூம் சுவரில் தெரிகிறது. நீல சோபாவுக்கு மேலே ஒரு பெரிய படம் மாட்டியிருக்கிறார்கள். அதில் நம் வண்டி, பக்கத்தில் எங்கள் இரண்டாவது கடிதத்தின் ஒரு வரி, மேலே கொட்டை எழுத்தில்: 'காத்திருக்கிறார்கள், ஏனென்றால் நாங்கள் சமரசம் செய்வதில்லை.' எல்லா ஊர் ஷோரூமிலும் இதே படமாம். புக்கிங் கூடியிருக்கிறது என்று டைக்காரத் தம்பி மகிழ்ச்சியாகச் சொன்னார். அந்தப் படத்தை மாட்டிய பிறகு உன்னை வீட்டுக்கு அனுப்புவது கொஞ்சம் சிரமம்தான். டாக்டர் படத்தின் முன்னால் நின்று ஃபோட்டோ எடுத்துக்கொண்டார், சிரிக்கும்போது வாயைத் திறந்து.

திரும்பி வந்த முதல் நாளே, புதுக் கலவையில் வந்த அடுத்த பெட்டியையும் நிராகரித்துவிட்டாயாமே. டைக்காரத் தம்பி கவலையோடு வந்து சொன்னார், டெலிவரி இன்னும் மூன்று மாதம் தள்ளிப்போகிறது என்று. டீச்சர் எழுந்து எல்லாருக்கும் மெஷினில் காபி பிடித்துக் கொடுத்தார்.

குழாயை அடுப்பில் வைப்பதைப் பற்றி நீ வரைந்து அனுப்பிய படம் கிடைத்தது. புரிகிறது. ஒரு சந்தேகம் மட்டும் பாக்கி இருக்கிறது, நேரில் கேட்கிறேன். சனிக்கிழமை காலை பஸ்ஸில் நாங்கள் இருவரும் கிளம்புகிறோம். டிரைவருக்குப் பின்னால் இரண்டு சீட் சொல்லிவைத்தாகிவிட்டது. அம்மா ஒரு பை நிறைய பிளாஸ்டிக் கவர்கள் எடுத்து வைத்திருக்கிறாள், எனக்கு அதில் பங்கு இல்லை என்று சொல்லிவிட்டாள். பஸ் நிலையத்துக்கு வந்துவிடு. இறங்கும்போது அவள் முகம் எப்படி இருந்தாலும் நன்றாக இருக்கிறாய் என்று சொல். முடிந்தால் உன் மேசையை எங்களுக்குக் காட்டு. உள்ளே விட மாட்டார்கள் என்றால் வெளியே நின்று எந்த ஜன்னல் என்று காட்டினாலும் போதும்.

எதை நிராகரித்தாலும் நீ நன்றாக இருக்க வேண்டும், மகளே.

என்றும் உன்
அப்பா

பி.கு.: துணிக்கொடியை நேற்று மறுபடி ஷெட்டிலேயே கட்டிவிட்டேன்.